தானியத்திடமிருந்து களஞ்சியத்தைக் காத்த வரலாறு

உலகத்தில் கட்டிடங்கள் இரண்டே வகைதான். பயன்படுகிறவை ஒரு வகை, பாதுகாக்கப்படுகிறவை இன்னொரு வகை. முதல் வகையில் பிறந்து, தன் முயற்சி சிறிதும் இல்லாமல் இரண்டாம் வகைக்கு உயர்ந்த பெருமை எங்கள் ஊர்க் களஞ்சியத்துக்கு உண்டு. அந்த உயர்வில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொள்கிறேன். நான் பழங்களஞ்சியப் பாதுகாப்புக் குழுவின் கௌரவச் செயலாளர். 'கௌரவ' என்று முன்னால் போட்டால் சம்பளம் கிடையாது என்று பொருள். மற்றதும் கிடையாது என்பது பதவியில் உட்கார்ந்த பிறகு தெரியவரும்.

களஞ்சியத்தின் அமைப்பை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். பிற்பாடு நேரம் இருக்காது, மழை வந்துவிடும்.

கடைத்தெரு முடிகிற இடத்தில், மேட்டின் மேல், உருண்டையாக நிற்கிறது கட்டிடம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டியது. சுவரின் கனத்துக்குள் ஓர் ஆள் குறுக்கே கால் நீட்டிப் படுக்கலாம். தரை, நிலத்தைத் தொடாது. குட்டைக் கல்தூண்கள் அதைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலும் குடை மாதிரி ஓர் அகலக் கல். தூணில் ஏறுகிற எலி, குடைக்கு அடியில் வந்ததும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நடக்க வேண்டும். எலிகளுக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. கூரைக்குக் கீழே சுற்றிலும் கை நுழைகிற அளவுக்குத் துளைகள், எல்லாம் வெளிப்பக்கம் சரிந்தவை. காற்று வரும், மழை வராது.

தின்கிற தானியத்தைக் கொட்ட மேலே ஒரு வாய், அள்ளக் கீழே ஒரு வாய். பழையது முதலில் வெளியே வரும், புதியது மேலே பொறுமையாகக் காத்திருக்கும். எங்கள் ஊரில் வரிசையில் நிற்கிற ஒழுக்கத்தைக் கடைசிவரை கடைப்பிடித்தது தானியம் ஒன்றுதான். சுவரோரமாக, பலகைகள் மேல், விதை மூட்டைகள் அடுக்கியிருக்கும். குனிந்து நுழைகிற மாதிரி ஒரே ஒரு கதவு.

இதைக் கட்டியது யார்? ஒரு பஞ்சத்துக்குப் பிறகு, அடுத்த பஞ்சத்துக்கு முன்னால், ஓர் ஆட்சியாளர் கட்டினாராம். அவர் பெயர் கல்வெட்டில் இல்லை. கல்வெட்டே இல்லை. தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் ஒரு கட்டிடத்தைத் திறந்து வைத்த ஆட்சியாளர் இருந்திருக்க முடியாது என்பதால், அவர் வெறும் கட்டுக்கதை என்று அறிஞர்கள் ஒருமனதாக முடிவு கட்டினார்கள். அதன் பிறகு கட்டிடம் தானாக நிற்பதாகவே பதிவாகியிருக்கிறது.

இத்தனை காலமும் அதை ஊர் விவசாயிகள்தான் வைத்துப் புழங்கினார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவர்களே கூடிப் பேசி முடிவு செய்வார்கள். கடைசியாக அந்தச் சாவி என் அக்காவின் இடுப்பில் இருந்தது. ஊரே மரியாதைக்காக அக்கா என்று கூப்பிடுகிறவள் இல்லை, எனக்குக் கூடப் பிறந்த அக்கா. நான் கல்யாணம் ஆகாதவன். இரண்டு வேளையும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. குழுவின் செயலாளராக நான் ஆற்றிய தொண்டுகள் அனைத்தும் அவள் போட்ட சோற்றின் தெம்பில் ஆற்றியவை என்பதை வரலாறு மறக்கக் கூடாது.

குழுவின் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ ஓர் அலுவலகத்தில் உயர்ந்த நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓயாதவர். வீட்டில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால் ஊர்ப்பணிக்கு வந்தார். அவருக்குப் பக்கத்தில் கட்டிட நிபுணர். சுவரைக் கண்டால் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, கண்ணை மூடிக்கொள்வார். அதனால் அவருக்குச் 'சுவர் டாக்டர்' என்று பெயர். சுவர் என்ன சொன்னது என்று கேட்டால், "இப்பச் சொல்ற நிலைமையில இல்ல" என்பார். சுவரைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று கேட்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை.

பாரம்பரியக் கட்டிடங்களைப் பட்டியலில் சேர்க்கும் ஆய்வுக் குழு எங்கள் ஊருக்கு வரப்போகிறது என்று தகவல் வந்ததும் தலைவருக்கு மூக்கில் வியர்த்தது. உடனே கூட்டம். களஞ்சியத்தின் உட்சுவர் அழகை ஆய்வாளர்கள் கண்ணாரப் பார்க்க வேண்டும், ஆனால் சுவரை மறைத்துக்கொண்டு தானியம் கிடக்கிறதே என்று அவர் வருந்தினார். தானியத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று சுவர் டாக்டர் சொன்னார். சாவிக்காரி யார் என்று தலைவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நிறுவனம் ஒரு மனிதனை எதற்காகச் செயலாளர் ஆக்குகிறது என்பது எனக்கு அன்று விளங்கியது.

அக்கா அடுப்படியில் இருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டே நாள்க்கா. வந்து பாத்துட்டு, டீயக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"மழைக்காலம் வருதுடா. விதை கிடக்கு."

"வானத்தைப் பாரேன். ஒரு பொட்டு மேகம் இருக்கா?"

"இன்னைக்கு இல்ல" என்றாள் அக்கா. ஆனாலும் தம்பி கேட்கிறானே என்று சம்மதித்தாள். அவளிடம் இருக்கும் குறைகளில் இது முக்கியமானது.

விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து களஞ்சியத்தைக் காலி செய்தார்கள். சொன்னதற்கு மேலே ஒரு படி போய், உள்ளே பெருக்கினார்கள், ஒட்டடை அடித்தார்கள், பலகைகளைக்கூடக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தார்கள். விருந்தாளி வருகிற வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று அத்தான் நின்று வேலை வாங்கினார். மூட்டைகளைக் களஞ்சியத்து முற்றத்தில் அடுக்கி நீலத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் "ஓ" என்றார், சுவர் முழுக்கச் சுற்றி அது திரும்பி வந்தது. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய் மறுபடியும் "ஓ" என்றார். தானியம் இருந்திருந்தால் இந்த எதிரொலி கிடைத்திருக்காது என்று சுவர் டாக்டர் எடுத்துச் சொன்னார். டீ குடித்தார்கள். கட்டிடத்தின் நிலை 'மிக நன்று' என்றும், உள்ளடக்கம் 'ஏதுமில்லை' என்றும் குறித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுப் போனார்கள். அறிவிப்பு வரும்வரை எதையும் உள்ளே வைக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் அறிவிப்பு வந்தது. களஞ்சியம் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. ஊரில் இனிப்பு வழங்கப்பட்டது. அக்காகூட ஒன்று எடுத்துக்கொண்டாள்.

பாரம்பரியச் சின்னங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆய்வு நாளன்று எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில் என்றென்றும் வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். கண்டவனும் ஜன்னல் வைக்கக் கூடாது, டைல்ஸ் ஒட்டக் கூடாது என்பதற்காகப் போட்டது. தலைவர் அதை ஊன்றிப் படித்தார். ஊன்றிப் படிக்கிற மனிதர்களால் நேரும் ஆபத்தை நாம் இன்னும் சரியாக உணரவில்லை. மறுநாள் காலையில் களஞ்சியக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது, அதன் மேல் அரக்கு முத்திரை. கையில் தடியோடு ஒரு காவலாளி.

மூட்டைகளை உள்ளே எடுத்து வைக்க வந்த அக்காவும் அத்தானும் மற்றவர்களும் பூட்டைப் பார்த்துவிட்டு நேராகக் குழு அலுவலகத்துக்கு வந்தார்கள். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"அம்மா, பதிவுல 'உள்ளடக்கம் ஏதுமில்லை'ன்னு இருக்கு. இனிமே அந்தக் கட்டிடத்தோட காலியும் பாரம்பரியத்துல சேந்தது. அதுக்குள்ள ஒரு மூட்டையை வச்சாலும் சின்னத்தைச் சேதப்படுத்தின குற்றம்."

"காலி பண்ணினதே நாங்கதாங்க" என்றாள் அக்கா. "உங்களுக்காக."

"தெரியும். உங்க ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவிச்சுத் தீர்மானம் போட்டிருக்கோம். செயலாளர், காட்டுங்க."

நான் காட்டினேன். அக்கா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ரெண்டே நாள் என்று சொன்ன வாய் இதுதானா என்று சரிபார்க்கிற மாதிரி இருந்தது. நான் தீர்மானத்தை மடித்து வைத்தேன்.

நிலைமையின் தீவிரத்தை வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டும். தின்கிற தானியத்தை வீட்டுக்கு வீடு பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் அது உட்கார்ந்துகொண்டது. முற்றத்தில் மிஞ்சியது விதை. விதையை வீட்டில் வைக்க முடியாது. சமையல் சூடும் ஆவியும் பட்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும், போட்டால் முளைக்காது. ஊர் மொத்தத்துக்கும் அடுத்த விதைப்புக்கு இருந்தது அந்த மூட்டைகள்தான். மழை முந்துகிறதா, குழு முந்துகிறதா என்பதுதான் கேள்வி. மழை எந்தக் கூட்டத்திலும் உறுப்பினர் இல்லை என்பது அதற்குச் சாதகமாக அமைந்தது.

குழுவும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 'தானியத் துணைக்குழு' ஒன்றை உடனே அமைத்தோம். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் தானியத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவரையும் சேர்க்கவில்லை. விதை மூட்டைகளுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையைத் துணைக்குழு கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. கொள்கை அளவு என்பது ஓர் அளவு. அதில் ஒரு மூட்டையையும் அளக்க முடியாது.

அக்கா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தாள். கதவோரம் நிற்பாள். தன் முறை வரும்போது ஒரே விஷயத்தைத்தான் சொல்வாள், மழைக்கு முன்னால் உள்ளே வைக்க விடுங்கள் என்று. புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று அவளுடைய மனு ஒவ்வொரு தடவையும் தள்ளி வைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சோறு போடுவாள். சாப்பிடும்போது மட்டும் களஞ்சியத்தைப் பற்றிப் பேச மாட்டாள். அதற்காக நான் அவளுக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையே களஞ்சியத்தின் வரலாற்று நூலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கல்குடைகள் எலியைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டவை என்று முதல் வரைவில் எழுதிவிட்டேன். சுவர் டாக்டர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

"நம்ம முன்னோர் எலியப் பத்தி யோசிக்கிற அளவுக்கு அற்பமானவங்களா? அதெல்லாம் கல் மலர்கள் சார். பூமியிலேருந்து வானத்தைப் பாத்து மலர்ற தத்துவம்."

அப்படியே திருத்தினேன். காற்றுத் துளைகள் விண்மீன் நோக்கும் கண்கள் ஆயின. தானியம் அள்ளுகிற கீழ்வாய், அரசரே மண்டியிட்டு நுழைந்த 'பணிவின் வாயில்' ஆயிற்று. அதன் அகலத்தில் அரசரின் தலை மட்டும்தான் நுழையும் என்று நான் சந்தேகம் எழுப்பினேன். பணிவுக்குத் தலை போதும் என்று பதில் வந்தது. நூல் முடிந்தபோது அதில் தானியம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வரலாறு இவ்வளவு சுத்தமாகப் பெருக்கப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த பிரச்சினை தார்ப்பாய். நீல நிறம் செங்கல் நிறத்தோடு மோதுகிறது, படம் எடுத்தால் கண்ணை உறுத்துகிறது என்று சுவர் டாக்டர் புகார் சொன்னார். விவாதம் சூடாக நடந்தது. மூட்டைகளை மூடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, குழு அவ்வளவு கல்நெஞ்சம் படைத்ததல்ல. கட்டிடத்தோடு இணங்கும் செங்கல் நிறத் துணியால் மூட வேண்டும் என்றுதான் தீர்மானம். துணியையும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். அத்தான் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபக்கம் நின்ற என் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"மாப்ள, இது தண்ணியத் தாங்குமா?"

"சாயம் போகாதுன்னு உத்தரவாதம் இருக்கு அத்தான்" என்றேன்.

தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டான் காவலாளி. அது குழுவின் பொறுப்பில் பத்திரமாக, களஞ்சியத்துக்கு வெளியே, எங்கள் அலுவலக அலமாரிக்கு மேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சின்னத்தைப் பொதுமக்களுக்கு அர்ப்பணிக்கும் விழாவுக்கு நாள் குறித்தோம். முற்றத்தில் பந்தல், மேடை, ஒலிபெருக்கி, வெல்வெட் உறை போட்ட நாற்காலிகள். மேடைக்குப் பின்னால் செங்கல் நிறத் துணிக்குள் விதை மூட்டைகள் பார்வைக்கு இதமாக அடங்கி இருந்தன. அவற்றைச் சிறப்பு விருந்தினர் படிக்கட்டு என்று நினைத்துக் காலை வைக்கப் போனார். அத்தான் ஓடிவந்து தடுத்தார். அத்தானை நான் தடுத்தேன். சின்னதொரு சலசலப்பு, அவ்வளவுதான்.

தலைவர் வரவேற்புரையில் முன்னோரின் தொலைநோக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மேற்கே கறுத்தது. அவர் மேற்கே பார்க்கவில்லை, கையில் இருந்த தாளைப் பார்த்தார். முதல் துளி மைக்கின் மேல் விழுந்து பட்டென்று கேட்டது. கைதட்டல் என்று நினைத்து அவர் சற்று நிறுத்தினார். அதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது.

அரக்கு முத்திரையை உடைத்தவர் தலைவர்தான். தயங்கவே இல்லை. "வருகையாளர்கள் உள்ளடக்கம் ஆக மாட்டாங்க" என்று ஒரு நொடியில் தீர்ப்பு வழங்கினார். நெருக்கடியில்தான் தலைமை தெரியும் என்பார்கள், எனக்கு அன்று தெரிந்தது. சிறப்பு விருந்தினர் உள்ளே போனார். குழு உள்ளே போனது. ஒலிபெருக்கிக்காரர் போனார், பெட்டிகள் போயின. வெல்வெட் நாற்காலிகள் நனைந்தால் வாடகைக்காரனிடம் பதில் சொல்ல முடியாது என்று அவையும் போயின. விண்மீன் நோக்கும் கண்கள் வழியாக இதமாகக் காற்று வந்தது.

அப்போது கதவில் அக்கா வந்து நின்றாள். தோளில் ஒரு மூட்டை. பின்னால் அத்தான், அவருக்குப் பின்னால் மற்றவர்கள், ஆளுக்கு ஒரு மூட்டை. எல்லோர் முகத்திலும் தண்ணீர் வழிந்தது. காவலாளி தடியைக் குறுக்கே நீட்டினான்.

"ஆள் வரலாம். மூட்டை வரக்கூடாது. எனக்கு உத்தரவு அப்படித்தாங்க."

அக்கா உள்ளே கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். நான் வெல்வெட் நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டேய், இந்த ஒரு மூட்டையாவது உள்ள வாங்கி வையிடா."

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் சிறப்பு விருந்தினரைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ஆச்சரியமா இருக்கே. ஒரு சொட்டு ஒழுகலையே" என்றார்.

அதைத் தொடர்ந்து எழுந்த கைதட்டல் எதிரொலித்து இரண்டு மடங்கு ஆயிற்று. தலைவருக்கு உற்சாகம் பொங்கியது. விட்ட இடத்திலிருந்து, தாள் இல்லாமலே பேசினார். இந்தக் கட்டிடம் எதற்காக எழுப்பப்பட்டதோ அந்த வேலையை இன்றைக்கும் செய்கிறது என்றார். வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் என்றார். அவர் பேசிய பேச்சுகளிலேயே முழுக்க உண்மையான பேச்சு அது ஒன்றுதான். அதனால் அதை ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது கதவில் அக்கா இல்லை. துணிக்குக் கீழே மூட்டைகளின் மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். அத்தானும் மற்றவர்களும் அதே மாதிரி. ஒரு மனித முதுகு எவ்வளவு மழையைத் தடுக்கும்? ஓடிப்போய் நானும் விழுந்திருக்கலாம். நன்றியுரை என் பெயரில் இருந்தது, இருந்து அதைச் சொல்லி முடித்தேன்.

மழை விட்டு விட்டு ஒரு வாரம் பெய்தது. மூட்டைகள் பருத்தன, தையல் விட்டன. பிறகு வெயில் அடித்ததும் சாக்கின் கண்களுக்குள்ளிருந்து பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. எதற்காகச் சேர்த்து வைத்தார்களோ அதை விதை செய்துவிட்டது, வயலில் செய்யாமல் சாக்குக்குள் செய்தது. சுவர் டாக்டர் பூரித்துப்போனார். ஒளிப்படக்காரரைக் கூட்டி வந்து, செங்கல் பின்னணியில் அந்தப் பசுமையைப் படம் எடுக்கச் செய்தார். எங்கள் நூலின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான், பலரும் பாராட்டுகிறார்கள். அப்புறம் நாற்றம் கிளம்பியது. மூட்டைகளை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று விவசாயிகளுக்கு அறிவிப்பு அனுப்பினோம். அனுப்பியவன் நான்.

அன்றைக்குச் சாப்பிடப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் பசி போகச் சொன்னது. அக்கா வழக்கம்போலப் பரிமாறினாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், பதில்கள் தயாராகவே வைத்திருந்தேன். விதி, பதிவு, துணைக்குழு, கொள்கை அளவு எல்லாம். கைகழுவி எழுந்தபோது மட்டும், "நாளையிலேருந்து நீ வேற எங்கயாவது பாத்துக்கோ. பரண்ல இருக்கிறது தீந்தா எங்களுக்கே இனிமே கடையிலதான் வாங்கணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. குழு அலுவலகத்துக்கு வந்து அழுதேன், அங்கே யாரும் எதையும் கவனிப்பதில்லை.

அந்தப் பருவம் வயல்கள் சும்மா கிடந்தன. மற்ற ஊர்களில் விதை கேட்டுப் பார்த்தார்கள், அங்கெல்லாம் அவர்களுக்கே பற்றாத நிலை. பாதிப் பேர் வேலை தேடி வெளியூர் போனார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமே இல்லை. களஞ்சியத்தின் உட்புறத்தோடு சுற்றுப்புறமும் ஒத்துப்போகிறது என்று சுவர் டாக்டர் மனமாரப் புகழ்ந்தார். வேலைவாய்ப்பும் பெருகியிருக்கிறது. அத்தானுக்கு முற்றம் பெருக்கும் வேலையைக் குழு கொடுத்தது. அவர் தினமும் வந்து, மூட்டைகள் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் மற்ற இடங்களைப் பெருக்குகிறார். அந்த இடத்தையும் பெருக்குங்கள் என்று சொல்லும்படி தலைவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். உள்ளே போய் "ஓ" என்று சொல்லிப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள் என்பதால், சிறிய கண்காட்சி ஒன்று வைக்க முடிவு செய்தோம். உள்ளே எதையும் வைக்கக் கூடாதே என்று நான் நினைவூட்டினேன். கண்காட்சிப் பொருள்கள் 'உள்ளடக்கம்' ஆகாது, 'விளக்கம்' ஆகும் என்று தலைவர் தெளிவுபடுத்தினார். சுவரோரம் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள் வந்து இறங்கின. வரிசைக்கு மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு, 'தானியத்தின் எதிரிகள்'. முதல் பெட்டியில் பஞ்சு அடைத்த எலி. அடுத்ததில், பூதக்கண்ணாடிக்குக் கீழே வண்டு. மூன்றாவதில், பாட்டிலில் பூஞ்சை. பூஞ்சைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை, முற்றத்திலேயே கிடைத்தது.

நான்காவது பெட்டி மிஞ்சியது. அதில் ஊரின் அசல் பழைய விதை ஒரு கைப்பிடி வைக்கலாம் என்று யோசனை வந்தது. ஒரு கைப்பிடிதானே, விளக்கம்தானே, விதி இடம் கொடுக்கும் என்று குழு பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. வாங்கி வர என்னை அனுப்பினார்கள்.

வெகுநாளைக்குப் பிறகு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அவள் கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள், கையில் சின்னப் பொட்டலம். நான் கேட்க வந்ததைக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"விதை இல்லடா. ஒரு மணிகூட இல்ல."

"பெட்டி காலியா இருக்குக்கா. வெளியூர்லேருந்து ஆளுங்க வர்றாங்க."

"உங்க குழு எல்லாரும் சேந்து ஒரு படம் எடுத்து அதுல வைங்க. அந்த மழையில நனையாம அங்க உள்ள இருந்தது நீங்கதானே."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

அவள் சொன்னதை, விவசாயிகள் தரப்பிலிருந்து வந்த ஆலோசனை என்று கூட்டத்தில் வைத்தேன். வைக்கும்போது தலைவருக்கு முகம் சிவக்கும், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் பொதுமக்களிடமிருந்து கிடைத்த முதல் அங்கீகாரம் இது என்றார். ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்து, வெல்வெட் நாற்காலிகளில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டோம். தலைவர் நடுவில், சுவர் டாக்டர் வலது பக்கம், ஓரத்தில் நான். படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நான்காவது பெட்டியில் மாட்டியிருக்கிறோம். தனி விளக்கும் உண்டு.

தினமும் ஜனங்கள் வருகிறார்கள். தலைப்பைப் படித்துவிட்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். எலி, வண்டு, பூஞ்சை, நாங்கள். சிலர் நின்று நிதானமாகப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள். சிலர் பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கிச் சொல்கிறார்கள். கண்காட்சியில் குறை ஏதும் கண்டால் தெரிவிக்கும்படி வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறோம். அந்தப் படம் தவறான வரிசையில் இருக்கிறது என்று இன்றுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.